ஒரு நொடிக்குள் 24 படம், தெரியுமா?

எரியோட்டிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறாளே உங்கள் ஐந்து வயது மகள், அவளுக்கு இன்று எத்தனை படம் காட்டப்போகிறீர்கள், தெரியுமா? ஒரே படம்தானே, சிங்கக்குட்டிப் படம் என்பீர்கள். ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்து அறுநூறு! நொடிக்கு 24. நிமிடத்துக்கு 1,440. ஒன்றரை மணி நேரத்துக்கு 1,29,600. அவள் ஒருமுறை கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் நாலைந்து படங்கள் திரையைக் கடந்து போயிருக்கும்!

ஒவ்வொரு படத்துக்கும் பிரேம் என்று பெயர். எரியோட்டிலும் வேடசந்தூரிலும் 'பிரேம்' என்றதும் நூல் மில்லில் ஓடும் ரிங் பிரேம்தான் ஞாபகம் வரும். அங்கே பஞ்சு இழை முறுக்கேறி நூலாகிறது. இங்கே அசையாத படங்கள் வரிசையாக ஓடிச் சிங்கமாகின்றன. ஆமாம், அசையாத படங்கள்! திரையில் எதுவுமே அசைவதில்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே இருக்கும் சின்ன வித்தியாசத்தை இட்டு நிரப்பி, "ஓடுகிறது!" என்று முடிவுகட்டுவது பார்ப்பவரின் மூளை. சிங்கக்குட்டி ஓடுவது உங்கள் மகளின் தலைக்குள்!

நம்ப முடியவில்லையா? பஸ் திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பழைய நோட்டின் மூலையில் 24 தாள்களில் ஒரு பந்து வரையுங்கள். தாளுக்குத் தாள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, பிறகு இறக்குங்கள். கட்டைவிரலால் விர்ரென்று புரட்டினால் பந்து குதிக்கும்! என் அக்கா மகளுக்கு முதன்முதலில் இதைச் செய்துகாட்டியபோது நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இதுக்குள்ள பேட்டரி எங்க இருக்கு?" என்று கேட்டாள். பேட்டரி அவள்தான். கையால் வரையும் படங்களில் ஓவியர்கள் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு வைப்பார்கள். அப்படியும் நொடிக்கு 12 ஓவியம்!

பழைய பிலிம் சுருள் எவ்வளவு நீளம், தெரியுமா? ஒரு நொடிக்கு ஒன்றரை அடி. ஒன்றரை மணி நேரப் படத்தை எரியோடு ரயில் நிலையத்தில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தோரம் விரித்துக்கொண்டே போனால், ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் போகும்! இன்னொன்று கேளுங்கள். அந்த பிலிம் புரொஜெக்டரில் ஒரு படம் போய் அடுத்த படம் வந்து நிற்கும்வரை ஒரு தகடு சுழன்று ஒளியை மறைக்கும். அதனால் நம் தாத்தா பாட்டி டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்த ஒவ்வொரு படத்திலும், கிட்டத்தட்டப் பாதி நேரம் திரை வெறும் இருட்டு! ஒருவர்கூட அதைக் கவனித்ததில்லை. அந்த இருட்டையும் மூளையே நிரப்பிக்கொண்டது.

திரையில் ஆயிரக்கணக்கான பொடி ஓட்டைகள் இருப்பது தெரியுமா? ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால் நிற்கின்றன. சிங்கம் வாய் திறக்கும்போது சத்தம் அதன் வாயிலிருந்தே வருவதுபோல் கேட்கவேண்டும் அல்லவா? அதற்குத்தான் ஊசிக்கண் போன்ற அந்த ஓட்டைகள். இடைவேளையில் பிள்ளையைத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தொடவேண்டாம், பார்த்தால் போதும்!

நம் ஊர்ப்பக்கத்துக்குப் படம் வந்த கதையும் ஓர் அதிசயம். திருச்சியில் ரயில்வேயில் வரைபடக்காரராக வேலை பார்த்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சி வந்து சேர்ந்தார். அவருடைய புரொஜெக்டரையும் படங்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார், ரயில்வே வேலையை விட்டார், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்! 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்று நிலையான கொட்டகையே கட்டினார். அடுத்த நாற்பதாண்டுக்குள் நமக்குப் பக்கத்து மதுரையில் என்ன நடந்தது, தெரியுமா? 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,563 இருக்கைகள்! ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய கொட்டகை. ஒரு சின்ன ஊரையே உள்ளே உட்காரவைக்கலாம்! இன்று அது இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே நம்மிடம் அனிமேஷன் இருந்தது என்றால்? ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, துளையிட்டு, சாயம் தீட்டி, வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கேற்றி இராமாயணம் காட்டிய தோல்பாவைக்கூத்து! மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பங்கள் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் அதைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்தார்கள். ஒரே ஆள் அனுமனையும் ஆட்டி, இராவணனுக்கும் குரல் கொடுப்பார். இப்போது ஜெர்மனிக்கு வாருங்கள். லோட்டே ரைனிகர் என்ற பெண் கத்தரிக்கோலால் கறுப்பு அட்டையில் உருவங்களை வெட்டி, கண்ணாடி மேசைமேல் வைத்து, துளித் துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படம்பிடித்தார். மூன்றாண்டு உழைப்பு! 1926-ல் வெளிவந்த அந்த 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்'தான் இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் உலகின் மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படம். நிழலுருவப் படம்! பாவைக்கூத்து பார்த்த ஒரு பாட்டிக்கு அதைப் போட்டுக்காட்டினால் முதல் நிமிடத்திலேயே புரிந்துகொள்வார்.

இந்தியாவில் யார் முதலில் தொடங்கினார், தெரியுமா? நம் நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படம் எடுத்த அதே தாதாசாகேப் பால்கே! 1915-ல் தீக்குச்சிகளைத் தாமாகவே நகர்வதுபோல் காட்டி ஒரு சிறு படம் எடுத்தார். தீக்குச்சிதான் ஐயா, வேறு ஒன்றுமில்லை! வீட்டில் இருக்கும் தீப்பெட்டியும் உங்கள் கைப்பேசியும் போதும், ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் பிள்ளைகளும் அதைச் செய்துவிடலாம். ஒரு குச்சியை நகர்த்து, ஒரு படம் எடு. மறுபடி நகர்த்து, மறுபடி எடு. மருந்து முனையை மட்டும் முதலில் பெரியவர்கள் கிள்ளிவிடுங்கள்.

வால்ட் டிஸ்னி 'ஸ்னோ ஒயிட்' எடுத்தபோது ஊரே கைகொட்டிச் சிரித்தது. கார்ட்டூனை ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் எவன் உட்கார்ந்து பார்ப்பான் என்றார்கள். மனிதர் வீட்டை அடமானம் வைத்துப் படத்தை முடித்தார்! 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் காட்சி. 1939-ல் ஆஸ்கர் மேடையில் அவருக்கு என்ன கொடுத்தார்கள், தெரியுமா? ஒரு பெரிய சிலை, வரிசையாக ஏழு குட்டிச் சிலைகள்! கதையில் வரும் ஏழு குள்ளர்களுக்கு ஆளுக்கொன்று. எடுத்துக் கொடுத்ததும் ஒரு குழந்தை, அன்றைய குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள்.

அதே படத்துக்குப் பிரிட்டனில் நடந்தது பலருக்குத் தெரியாது. காட்டில் மரங்கள் கைநீட்டும் காட்சியும் சூனியக்காரியும் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று, பெரியவர் துணையோடுதான் பிள்ளைகள் வரலாம் என்ற சான்றிதழைத் தணிக்கையாளர்கள் கொடுத்தார்கள்! கார்ட்டூன் என்றாலே எல்லா வயதுக்கும் சரி என்று நினைப்பது அன்றும் தவறு, இன்றும் தவறு. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். நம் நாட்டிலும் இப்போது யு/ஏ சான்றிதழை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், தெரியுமா? 7+, 13+, 16+. அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் படம் தகுமா என்று பெற்றோர் யோசித்து முடிவுசெய்ய வேண்டும் என்று பொருள். போஸ்டரில் சிரிக்கிற முயலைப் பார்த்து ஏமாறாதீர்கள், மூலையில் இருக்கும் அந்த எண்ணைப் பாருங்கள். 2025 ஜூலையில் வெளிவந்து இந்திய அனிமேஷன் படங்களிலேயே வசூலில் முதலிடம் பிடித்த 'மகாவதார் நரசிம்மா'வைத் தமிழிலும் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். பிரகலாதன் கதை பாட்டி மடியில் கேட்டதுதான். ஆனால் தூண் பிளக்கும் காட்சி பெரிய திரையில், பெரிய சத்தத்தில் வரும்போது மூன்று வயதுக் குழந்தைக்கு அது கதையாகத் தெரியாது.

எந்த வயதில் முதல் படம்? இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்துத் திரை காட்டவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம்! ஆகவே கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரவுக்காட்சிக்கு ஓடாதீர்கள். ஐந்து வயதில், பகல் காட்சியில், நடைபாதையை ஒட்டிய இருக்கையில் தொடங்குங்கள். என் அக்கா மகள் முதல்முறை விளக்கணைந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் விடவில்லை. திரையில் யானைக்குட்டி வழுக்கி விழுந்ததும் சட்டையை விட்டுவிட்டுக் கைதட்டினாள். அரங்கம் முழுக்க முன்பின் தெரியாத நூறு பிள்ளைகள் அதே நொடியில் சிரித்தார்கள். கைப்பேசியில் ஆயிரம் கார்ட்டூன் பார்த்தவள் அவள். ஆனால் நூறு பேரோடு சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல் தடவை! இதற்காகத்தான் எரியோட்டிலிருந்து பஸ் ஏறிப் போகவேண்டும் என்கிறேன்.

கம்ப்யூட்டர் அனிமேஷனுக்கு வருவோம். 1995-ல் வந்த 'டாய் ஸ்டோரி'தான் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவான முதல் முழுநீளப் படம். ஏன் பொம்மைகளைப் பற்றிக் கதை எடுத்தார்கள், தெரியுமா? அன்றைய கம்ப்யூட்டருக்கு மனிதத் தோலும் முடியும் சரியாக வராது. பளபளக்கும் பிளாஸ்டிக் நன்றாக வரும்! முடியாததைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு புது உலகத்தையே கண்டுபிடித்தார்கள். அந்தப் படத்துக்குக் கம்ப்யூட்டர்கள் உழைத்த நேரம் மொத்தம் 8 லட்சம் மணி. ஒரே ஒரு கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடியிருந்தால் 91 ஆண்டு! ஆறே ஆண்டு கழித்து 'மான்ஸ்டர்ஸ் இங்க்' படத்தில் சல்லி என்ற நீலநிறப் பூதத்தின் உடம்பில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிகளைத் தனித்தனியாக அசையவைத்துவிட்டார்கள்!

இதைவிடப் பெரிய கதை 'டாய் ஸ்டோரி 2'. 1998-ல் அதை எடுத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோவில் யாரோ ஒரு தவறான கட்டளையைத் தட்ட, கம்ப்யூட்டரிலிருந்து படம் கண்ணெதிரே கரைய ஆரம்பித்தது. கதாநாயகப் பொம்மையின் தொப்பி போயிற்று, பூட்ஸ் போயிற்று, ஆளே போயிற்று! மாற்றுப் பிரதி இருக்கிறதே என்று திறந்தால் அதுவும் சரியாகப் பதிவாகவில்லை. அப்போது காலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநருக்கு நினைவு வந்தது. அவர் அண்மையில்தான் தாயானவர். குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் ஒரு பிரதியை வைத்திருந்தார்! அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாக எடுத்துவந்தார்கள். ஒரு கைக்குழந்தையால் தப்பித்த படம்! வேலைக்குப் போகும் தாய்க்கு வீட்டிலிருந்து வேலை செய்ய வழிவிட்டதால் ஒரு படமே பிழைத்தது என்று இதை மில்லுக்குப் போகும் நம் ஊர்ப் பெண்களிடம் சொல்லவேண்டும்.

சென்னை மட்டும் சளைத்ததா? பலருக்கும் மறந்துபோன செய்தி இது. நடிகர்களின் உடலில் குறிகளை ஒட்டி, அவர்கள் அசைவதைக் கம்ப்யூட்டரில் பதிந்து, அந்த அசைவை ஒரு சித்திர உருவத்துக்குக் கொடுப்பது மோஷன் கேப்சர். முழுக்க அந்த முறையிலேயே உருவான உலகின் முதல் முழுநீளக் கம்ப்யூட்டர் அனிமேஷன் படம் எது, தெரியுமா? ஹாலிவுட்டின் 'போலார் எக்ஸ்பிரஸ்' வருவதற்கு நான்காண்டு முன்பு, 2000-ல், நம் சென்னை பென்டாஃபோர் நிறுவனம் எடுத்த 'சிந்துபாத்' படம்! அதே ஆண்டில் அதே குழுமம் 'பாண்டவாஸ்' என்று பஞ்சபாண்டவர் கதையை 3டி அனிமேஷனாக்கித் தேசிய விருதும் வாங்கியது. 2007-ல் 'இனிமே நாங்கதான்', தமிழின் முதல் 3டி அனிமேஷன் படம், வெங்கி பாபு இயக்கம். இசை யார் தெரியுமா? இளையராஜா! அதற்கும் முன்னால் 1989-லேயே 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினி கார்ட்டூன் விலங்குகளோடு கைகோத்து ஆடிவிட்டார். 2014-ல் அதே ரஜினி 'கோச்சடையான்' படத்தில் மோஷன் கேப்சர் உருவமாகவே வந்தார். தொடங்கிய வேகத்தில் நாம் தொடர்ந்து ஓடவில்லை என்பது என் வருத்தம்.

ஒரு ஜப்பானியர் நம் இராமாயணத்தை வரைந்த கதை தெரியுமா? யூகோ சாகோ. 1980-களில் ஓர் ஆவணப்பட வேலையாக இந்தியா வந்தவர் இராமாயணத்தில் மனம் பறிகொடுத்தார். இந்திய அனிமேஷனின் தந்தை என்று சொல்லப்படும் ராம் மோகனோடு சேர்ந்து 1992-ல் படத்தை முடித்தார். கையால் வரைந்த படம்! அன்று நம் தியேட்டர்களில் அது முறையாக ஓடவே இல்லை. முப்பதாண்டு கழித்து, 2025 ஜனவரி 24 அன்று, தமிழ்க் குரலோடு திரைக்கு வந்தது. சிறுவயதில் டிவியில் பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள்.

குரல் என்றதும் சொல்லவேண்டும். 2019-ல் வந்த 'தி லயன் கிங்' தமிழில் சிம்பா என்ற சிங்கத்துக்கு சித்தார்த், வில்லன் ஸ்காருக்கு அரவிந்த் சாமி, பும்பா என்ற காட்டுப்பன்றிக்கு ரோபோ சங்கர், அதன் தோழன் டிமோனுக்கு சிங்கம்புலி! ஆங்கிலத்தில் அசைகிற வாய்க்குத் தமிழ் வசனத்தைப் பொருத்துவது எவ்வளவு பெரிய வித்தை! நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். அங்கே அது நடுவிலேயே வந்துவிடும். சிங்கம் வாயை மூடுவதற்குள் வாக்கியத்தை முடித்தாக வேண்டும். கூடிய மட்டும் தமிழ்க் காட்சிக்கே அழைத்துப் போங்கள். ஆங்கிலம் கற்கட்டும் என்று ஆங்கிலக் காட்சிக்குக் கூட்டிப்போனால், பிள்ளை பாதி நேரம் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

3டி கண்ணாடி ஒரு கண் மருத்துவரின் வேலையையும் செய்யும், தெரியுமா? இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குச் சற்றே மாறிய இன்னொரு படம். இரண்டையும் மூளை சேர்த்தால்தான் மீன் முகத்துக்கு நேரே நீந்திவரும். எல்லாப் பிள்ளைகளும் கை நீட்டி மீனைப் பிடிக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் "எனக்கு ஒண்ணும் வெளிய வரலையே" என்றால் திட்டாதீர்கள்! இரண்டு கண்ணும் ஒத்து வேலை செய்யாமல் இருக்கலாம். தலை வலிக்கிறது, இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாலும் அப்படித்தான். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் தெரிந்தால் சரிசெய்ய வாய்ப்பு அதிகம்.

பளிச் பளிச்சென்று ஒளி மின்னும் காட்சிகளிலும் கவனம் வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' டிவி தொடரின் ஒரே காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்ன, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று! வலிப்பு வந்த பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள். சத்தம் தாங்காத பிள்ளைக்குப் பின்வரிசை நல்லது. பயந்து அழுதால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். டிக்கெட் காசைப் பார்த்து உட்காரவைக்காதீர்கள்.

குழந்தைக்குப் பால் புட்டியும் இட்லியும் எடுத்துப்போனால் வாசலில் தடுப்பார்களோ என்று பயப்படும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது, தெரியுமா? வெளி உணவு வேண்டாம் என்று தியேட்டர் சொல்லலாம். ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். பெற்றோர் கைக்குழந்தைக்குத் தேவையான உணவைக் கொண்டுபோகலாம், தடுக்கக்கூடாது! வாசலில் யாராவது மறித்தால் இதை நிதானமாகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது எது, தெரியுமா? லாட்வியா என்ற சின்னஞ்சிறு நாட்டின் 'ஃப்ளோ'. வெள்ளத்தில் மிதக்கும் படகில் ஒரு கறுப்புப் பூனையும் வேறு சில விலங்குகளும். படம் முழுக்க ஒரு வார்த்தை வசனம் கிடையாது! செய்த மென்பொருள் பிளெண்டர், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எரியோட்டுப் பிள்ளைக்கும் புரியும், ஒடிசாவிலிருந்து வந்து நம் நூல் மில்லில் வேலை செய்பவரின் பிள்ளைக்கும் அதே அளவு புரியும்.

அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளைத் திண்டுக்கல்லுக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போகும்போது மில் குடியிருப்பில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள்.